மோட்டார் ஆயில் புராஜெக்ட்டும் சி.வி.ராமனும்: அறிவியல் கண்காட்சிக்கு ஒரு வழிகாட்டி

மழை நின்ற பிறகு தி.நகர் சாலையோரத் தண்ணீரில் வண்டி ஆயில் சொட்டினால் வானவில் போல நிறம் விரியும். அந்த ஆயிலில் சாயம் எதுவும் கிடையாது. பிறகு நிறம் எங்கிருந்து வருது? ஆயில் படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்று சேர்கின்றன. படலத்தின் தடிமனைப் பொறுத்து சில நிறங்கள் கூடும், சில மங்கும்.

இப்படி ஒளியையும் நிறத்தையும் துரத்தியே வாழ்ந்தவர் சி.வி.ராமன்.

மெரினாவில் தொடங்கிய ஆய்வு

1888 நவம்பர் 7 அன்று திருச்சியில் பிறந்த ராமன், மயிலாப்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் மாநிலக் கல்லூரியில் படித்தார். 1904-ல் பி.ஏ. முடித்தார். மாணவராக இருந்தபோதே, 1906-ல், அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை லண்டன் இதழில் வெளியானது. அப்போது வயது 18.

மேற்படிப்புக்கு இங்கிலாந்து போக உடல்நிலை இடம் தராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதனால் நிதித்துறைத் தேர்வு எழுதி, 1907-ல் கல்கத்தாவில் அரசு அதிகாரி ஆனார். ஆனாலும் ஆய்வை விடலை. ஆபீசுக்கு முன்னும் பின்னும் பவுபஜாரில் இருந்த அறிவியல் கழகத்தின் ஆய்வுக்கூடமே கதி. 1917-ல் நல்ல சம்பளத்தை உதறிவிட்டு, குறைந்த சம்பளத்தில் பேராசிரியர் ஆனார்.

கடல் ஏன் நீலம்?

1921-ல் கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரை யோசிக்க வைத்தது. அது வானத்தின் பிரதிபலிப்பு என்றே அப்போது நம்பப்பட்டது. கையிலிருந்த சிறு பட்டகத்தால் பிரதிபலிப்பை மறைத்துப் பார்த்தார். நீலம் அப்படியே இருந்தது. அந்தத் தேடல்தான் 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவாக முடிந்தது. 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1970 நவம்பர் 21-ல் பெங்களூருவில் காலமானார்.

ஆயிலுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

திரவங்களின் பிசுபிசுப்பு பற்றியும் 1923-ல் நேச்சர் இதழில் எழுதியிருக்கிறார் ராமன். சூடானால் திரவம் ஏன் இளகுகிறது என்பதே அதில் உள்ள கேள்வி. நடுநிலைப்பள்ளி மாணவர்களும் இதைச் சோதிக்கலாம்.

* ஒரே அளவுள்ள மூன்று கண்ணாடிக் குழாய்களில் புது மோட்டார் ஆயிலைச் சம உயரம் ஊற்றுங்கள். ஒன்றை ஐஸ் தண்ணீரிலும், ஒன்றைச் சாதாரணத் தண்ணீரிலும், ஒன்றை வெதுவெதுப்பான தண்ணீரிலும் வையுங்கள். அடுப்பு வேண்டாம்.
* ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரி சைக்கிள் பால்ரஸ் குண்டைப் போட்டு, அடியைத் தொடும் நேரத்தை ஐந்து முறை குறியுங்கள்.
* வெப்பநிலை, நேரம் இரண்டையும் வரைபடமாக்குங்கள். ஆயில் டப்பாவில் 20டபிள்யூ-40 என்று ஏன் போட்டிருக்கிறார்கள் என்பது அப்போது புரியும். முதல் எண் குளிரில் ஓடும் தன்மைக்கு, அடுத்தது சூட்டில்.

பழைய ஆயிலைத் தொட வேண்டாம், அதில் நச்சுப்பொருட்கள் இருக்கும். மிச்சமான ஆயிலைச் சாக்கடையில் கொட்டினால் அடையாறு வழியே கடலுக்குத்தான் போகும். பழைய ஆயில் சேகரிக்கும் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

கடையில் ரெடிமேடாக வாங்கி வைக்கும் மாடல் அழகாக இருக்கலாம். ஆனால் நடுவர் ஏன் என்று கேட்டால் அது பதில் சொல்லாது. ராமன் விளைவைக் காட்டிய கருவிகளே மிக எளிமையானவைதான்.