சித்தூர் நாகய்யா

புத்தலப்பட்டில் சாலை பிரிகிறது. ஒரு கிளை திருப்பதிக்கும் மற்றொன்று பீலேருக்கும் செல்கிறது. சித்தூரிலிருந்து அந்த வழியே எத்தனையோ முறை சென்று வந்திருக்கும் நம் சங்கத்துக் குடும்பத்தினர், சித்தூர் என்னும் பெயரைத் தென்னாடு முழுவதும் வீட்டுப் பெயர்போல் வழங்கச் செய்த ஒரு கலைஞரைப் பற்றிச் சிறிதேனும் அறிந்திருத்தல் நலம் என்று கருதியே இதனை எழுதப் புகுந்தேன். அவர்தாம் காலஞ்சென்ற நடிகர் ஸ்ரீ வி. நாகய்யா.

அவர் சித்தூரில் பிறந்தவர் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1904-ஆம் ஆண்டு மார்ச் 28-ல் குண்டூர் ஜில்லாவைச் சேர்ந்த ரேபல்லையில் பிறந்தார். இளமையிலேயே இப்பக்கம் வந்து சேர்ந்தார். திருப்பதி தேவஸ்தானத்தின் உதவிச் சம்பளம் பெற்றுப் படித்தார். பின்னர்ச் சர்க்கார் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். சிறிது காலம் ‘ஆந்திர பத்ரிகா’வில் பத்திரிகைத் தொழிலும் பார்த்தார். ஆனால் மாலையானதும் அவர் மனம் சென்ற இடம் சித்தூர் ராமவிலாஸ சபாவின் நாடக மேடை. அக்காலத்து மேடையில் நடிகனுக்குக் குரலே மூலதனம். வசனம் பேசி முடித்த மறுகணமே பத்தியம் பாட வேண்டும். சுருதி விலகினால் சபையோர் பொறுக்கமாட்டார்கள். அந்தப் பயிற்சிதான் அவரைப் பிற்காலத்தில் சங்கீதக்காரராகவும் நடிகராகவும் ஒருங்கே நிறுத்தியது. ஊரார் அவருக்குச் சூட்டிய அடைமொழி, பிறந்த ஊரை மறைத்துக்கொண்டு இறுதிவரை அவரோடு நின்றது.

இந்த ஜில்லா 1911-ல் அமைந்தபோது திருத்தணியும் இதில் அடங்கியிருந்தது. 1960-ல்தான் அது சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. ஆகவே நாகய்யா மேடையேறிய காலத்துச் சித்தூரில் இரு மொழியும் கடைத்தெருவிலேயே கலந்து ஒலித்தன. அவர் பின்னாளில் தமிழ்ப் படங்களில் தயக்கமின்றி நுழைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் துணிபு. அவர் தமிழில் தெலுங்கின் சாயல் சற்றே இழையோடும். அது ஒரு குறையென எவரும் சொன்னதாக நான் கேட்டதில்லை.

1938-ல் எச். எம். ரெட்டியின் ‘கிருஹலக்ஷ்மி’ அவருடைய முதற் படம். அடுத்த ஆண்டே வாஹினியாரின் ‘வந்தே மாதரம்’ படத்தில் பி. என். ரெட்டி அவரைக் கதாநாயகனாக்கினார். 1940-ல் வந்த ‘சுமங்கலி’யில் விதவை மறுமணத்துக்காகப் பாடுபடும் முதியவராகத் தோன்றினார், வீரேசலிங்கம் பந்துலுவை நினைவூட்டிய வேஷம் அது. அப்போது அவருக்கு வயது 36. காதற் கதாநாயகனாக நிலைத்திருக்க வேண்டிய வயதில் நரைமுடி தரித்து நிற்க எத்தனை நடிகர் உடன்படுவர்?

கே. வி. ரெட்டி இயக்கிய ‘பக்த போதனா’, 1946-ல் ‘தியாகய்யா’, 1947-ல் ‘யோகி வேமனா’ ஆகிய மூன்றும் அவரை மகான்களின் உருவமாகவே மக்கள் மனத்தில் பதித்துவிட்டன. இவற்றுள் ‘தியாகய்யா’ தமிழர்க்கு உரிமையுள்ள படம். திருவையாற்றில் வாழ்ந்து, காவிரிக் கரையில் சமாதி கொண்ட மகானின் சரிதம் அல்லவா! இதனை நாகய்யாவே தயாரித்து, தாமே இயக்கி, இசையமைத்து, தாமே நடித்துப் பாடினார். கீர்த்தனைகளை வித்தைகாட்டும் நோக்கமின்றி, பூஜையறையில் பாடுவதுபோல் பாடியிருப்பார். கச்சேரி மேடையின் மிடுக்கை அதில் எதிர்பார்ப்போர் ஏமாறக்கூடும். எனக்கு அந்த அடக்கமே உவப்பானது.

தமிழில் அவர் செய்தவற்றை நம் இளைஞர் பலர் அறியார். 1941-ல் வெளிவந்த ‘அசோக்குமார்’ படத்தில் எம். கே. தியாகராஜ பாகவதர் குணாளன். அவன் தந்தையாகிய அசோகச் சக்கரவர்த்தி நாகய்யா. 1945-ல் எல்லிஸ் டங்கன் இயக்கிய ‘மீரா’வில் எம். எஸ். சுப்புலக்ஷ்மிக்குக் கணவரான ராணாவாக நடித்தார். அது நன்றியற்ற வேஷம். பார்ப்போர் உள்ளமெல்லாம் மீராவின் பக்கம் இருக்க, மனைவியின் பக்தியைப் புரிந்துகொள்ள இயலாமல் கோபத்துக்கும் அன்புக்கும் இடையே தவிக்கும் அரசனை அவர் வில்லனாக்கிவிடவில்லை. 1948-ல் ஜெமினியின் ‘சக்ரதாரி’யில் விட்டலன் நாமத்தில் மெய்மறந்து மண் மிதிக்கும் குயவர் கோராவாக வந்தார்.

எல்லாவற்றிலும் சிகரமானது 1950-ல் கோவை பக்ஷிராஜா ஸ்டூடியோவில் உருவாகிய ‘ஏழை படும் பாடு’. பிரெஞ்சு ஆசிரியர் விக்தர் ஹ்யூகோவின் நாவலைச் சுத்தானந்த பாரதியார் தமிழாக்கினார், கே. ராம்நாத் அதைப் படமாக்கினார். பசிக்குத் திருடிச் சிறை சென்று, பின்னர் நல்லவனாக வாழ முயலும் கந்தன் வேஷம் நாகய்யாவுக்கு. அவனை விடாது துரத்தும் ஜாவர் என்னும் போலீஸ் அதிகாரியாக நடித்த சீதாராமன், அதன்பின் வாழ்நாள் முழுவதும் ஜாவர் சீதாராமனாகவே விளங்கினார். ஒருவருக்கு ஊர் பெயராயிற்று, மற்றவருக்கு வேஷம் பெயராயிற்று. 1961-ல் ‘பாவ மன்னிப்பு’ படத்தில் சிவாஜி கணேசனை வளர்த்து ஆளாக்கும் இஸ்லாமியப் பெரியவராக நாகய்யா தோன்றியதும் மறக்கற்பாலதன்று.

இனி அவருடைய வாழ்வின் மற்றொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். மனைவியை இழந்த துயரத்தில் திருவண்ணாமலை சென்று ரமணாசிரமத்தில் சிலகாலம் தங்கினார். புகழின் உச்சியில் பெரும் பொருள் ஈட்டினார். ஈட்டியதை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. அவரது தியாகராயநகர் இல்லத்தில் வந்தவர்க்கெல்லாம் உணவு உண்டு, கேட்டவர்க்கெல்லாம் கொடை உண்டு. சங்கீதம் வளர வேண்டுமென்று தியாகப் பிரம்ம கான சபையைத் தோற்றுவித்தார். அந்தச் சபைக்குரியதே இன்றும் கச்சேரிகள் நிகழும் வாணி மகால். கண்டசாலா என்னும் இளைஞருக்கு 1945-ல் ‘ஸ்வர்க்கஸீமா’வில் பாட வழி திறந்ததும் அவரே.

1953-ல் ‘என் வீடு’ படத்தைத் தமிழிலும் தெலுங்கிலும் தயாரித்து இயக்கினார். பின்னர்த் தம் உள்ளத்துக்கு இசைந்த பத்ராசல ராமதாஸரின் சரிதத்தை எடுக்க முனைந்தார். நீண்டநாள் இழுபறிக்குப் பின் 1964-ல் அது வெளிவந்தபோது கைப்பொருள் கரைந்திருந்தது. அப்படத்தில் கபீருக்குப் பாடியவர் முகமது ரஃபி. அடுத்த ஆண்டு பாரத அரசின் பத்மஸ்ரீ விருது வந்தது. வறுமையை அது தீர்க்கவில்லை. ஒருகாலத்தில் படத்தையே தாங்கி நின்றவர், இரண்டொரு காட்சியில் வந்துபோகும் தந்தை வேஷங்களையும் ஏற்றார். அவரால் பயன்பெற்றோர் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மகான்களாக நடித்து நடித்து மகானைப்போலவே வாழ்ந்துவிட்டார் என்று அவரைப் புகழ்வது வழக்கம். மாதச் சம்பளத்தில் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளமும் கணக்கிட்டு வாழும் நம்மைப்போன்ற குடும்பஸ்தர்க்கு அந்தப் புகழுரையை முழுமனத்தோடு ஏற்பது எளிதன்று. கணக்கு வைத்திருந்தால் அவரது முதுமை சுகமாகக் கழிந்திருக்கும். கணக்கு வைத்திருந்தால் அவர் வாசலில் அத்தனை பேர் உண்டிருக்கவும் மாட்டார்கள்.

1973-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ல் சென்னையில் அவர் காலமானார். தியாகராயநகர் பனகல் பூங்காவில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டிருக்கிறது. விடுமுறையில் சென்னைக்கு உறவினர் வீடு செல்லும் அன்பர்கள் துணிக்கடைக் கூட்டத்திலிருந்து சிறிது விலகிக் குழந்தைகளுக்கு அதனைக் காட்டலாம். அங்கிருந்து ஜி. என். செட்டி சாலை வழியே வாணி மகாலுக்கு நடந்தே போய்விடலாம்.