சீர்திருத்தவாதி சொன்ன மர்மக் கதை

மருதானை ஸாஹிராக் கல்லூரியின் வரலாற்றைப் பேசுவோர் அறிஞர் எம்.சி. சித்தி லெப்பை அவர்களை மறப்பதில்லை. கல்விமான், பத்திரிகையாளர், சமூக சீர்திருத்தவாதி என அவரைப் போற்றுகின்றோம். ஆயினும், மர்மமும் விறுவிறுப்பும் நிறைந்த கதையொன்றைத் தந்த நாவலாசிரியர் என்ற அவரது மற்றொரு முகம் போதிய கவனத்தைப் பெறவில்லை.

1838ஆம் ஆண்டு கண்டியில் பிறந்த சித்தி லெப்பை, தந்தையாரின் வழியில் சட்டத்தரணியானார். அத்தொழில் தந்த செல்வாக்கோடு அவர் அமைந்துவிடவில்லை. மதமாற்றத்திற்கு அஞ்சி மிஷனரிப் பாடசாலைகளிலிருந்து முஸ்லிம்கள் ஒதுங்கி நின்ற காலம் அது. சமுதாயத்தைத் தட்டியெழுப்பும் நோக்குடன் 1882 டிசம்பரில் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார். அதன் பக்கங்களில் கல்வியின் அவசியத்தை இடையறாது வலியுறுத்தினார். 1884இல் கொழும்பில் அவர் தொடங்கிய பாடசாலையோ போதிய ஆதரவின்றி நலிவுற்றது.

இந்நிலையில்தான், 1885இல் அவரது 'அசன்பே சரித்திரம்' வெளிவந்தது. தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறி ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. இலங்கையின் முதல் தமிழ் நாவலாக அசன்பே சரித்திரம் கருதப்படுகின்றது.

எகிப்தின் உயர்குடியில் பிறந்த குழந்தையொன்று கடத்தப்படுகின்றது. தன் பிறப்பின் இரகசியத்தை அறியாமலே அது இந்தியாவில் வளர்கின்றது. வளர்ந்து இளைஞனான அசன் பல இன்னல்களைக் கடந்து, இறுதியில் தான் யாரென்பதை அறிந்து பெற்றோரைச் சேர்கின்றான். காதலும் சூழ்ச்சியும் சாகசமும் இதில் ஒருங்கே கலந்துள்ளன. எகிப்தியத் தலைவர் ஒராபி பாஷா 1883 முதல் இலங்கையில் நாடுகடத்தப்பட்டு வாழ்ந்து வந்ததை எண்ணும்போது, கதைக்களமாக எகிப்து அமைந்தமை தற்செயலானதெனத் தோன்றவில்லை.

தலையங்கத்திலிருந்து மர்மக் கதைக்குச் சென்றதால் அவர் தமது இலட்சியத்தைக் கைவிட்டார் எனக் கொள்ளலாகாது. அறிவுரையைக் கேட்க விரும்பாதவரும் அடுத்து என்ன நிகழுமோ என்ற ஆவலில் கதையைத் தொடர்வர். தன்னை அறியாது வளர்ந்து, கற்று, நற்குணத்தால் உயர்ந்து, ஈற்றில் தன் மரபை மீட்டெடுக்கும் அசனிடம், அன்றைய சமுதாயம் தன்னையே கண்டிருக்கக்கூடும்.

அவரது கல்விக் கனவும் வீண்போகவில்லை. 1892இல் வாப்பிச்சி மரைக்கார், ஒராபி பாஷா ஆகியோரின் ஒத்துழைப்புடன் மருதானைப் பள்ளிவாசல் வளவில் உருவான மத்ரஸாவே பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. 1898இல் அவர் இறையடி சேர்ந்தார்.

பாடநூலுக்கு அப்பால் பிள்ளைகள் கதைநூலைக் கையிலெடுத்தால் காலவிரயம் எனக் கடிந்துகொள்ளும் பெற்றோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். பாடசாலையை நிறுவப் பாடுபட்ட அதே கரம்தான் நாவலையும் எழுதியது என்பதை அவர்கள் சிந்திப்பார்களாக.