இருப்புப்பாதையின் தந்தை

திண்டுக்கல்லுக்குப் புகைவண்டி முதன்முதல் வந்தது 1875ஆம் ஆண்டில். திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரை நோக்கிச் சென்ற மீட்டர்ப் பாதை அவ்வூர் வழியாக இடப்பெற்றது. தென்மேற்கே சமவெளியில் உள்ள சித்தையன்கோட்டை முதலிய ஊர்களை அப்பாதை தொடவில்லை. தொலைவூர் செல்லும் அவ்வூர் மக்கள் திண்டுக்கல் நிலையத்துக்கு வந்தே வண்டி ஏறுகின்றனர். மாடும் குதிரையும் இழுக்க, வண்டிகள் ஊர்ந்து சென்ற நாட்டில், நெருப்பையும் நீரையும் உண்டு ஓடும் இரும்புப் பொறி புகுந்தது. அதன் வரலாற்றை அறிய வேண்டுமாயின், இங்கிலாந்தின் வடபகுதியில் இருந்த நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் செல்ல வேண்டும்.

நியூகாசில் நகருக்கு அருகில் வைலம் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1781ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் ஜார்ஜ் ஸ்டீவன்சன் பிறந்தார். சுரங்கத்து நீரை இறைக்கும் நீராவிப் பொறிக்குக் கரியிடுவது அவர் தந்தையாரின் தொழில். அக்கூலி குடும்பத்தின் பசியை ஆற்றவே போதாதிருந்தது. பள்ளிப் படிப்புக்கு வழி ஏது? குடிசையின் வாயிலுக்கு முன்னே மரத் தண்டவாளம் ஒன்று சென்றது. அதன்மேல் கரிவண்டிகளைக் குதிரைகள் இழுத்துச் செல்வதைப் பார்த்தே அவர் வளர்ந்தார். மாடு மேய்க்கும் பொழுதிலும் களிமண்ணால் பொறிகளைச் செய்து விளையாடுவாராம்.

பதினேழாம் வயதில் ஒரு நீராவிப் பொறியை இயக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. பொறியைத் தூய்மை செய்ய வேண்டிய நாட்களில் அதன் உறுப்புக்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார், மீண்டும் பூட்டுவார். புத்தகம் கற்பிக்காததைப் பொறி கற்பித்தது. ஆயினும் புத்தகத்தின் தேவையையும் அவர் உணர்ந்தார். பதினெட்டு வயதில், பகலெல்லாம் உழைத்த களைப்போடு இரவுப் பள்ளிக்குச் சென்று எழுத்தறிந்தார்.

1802இல் அவருக்குத் திருமணம் நடந்தது. மறு ஆண்டு ராபர்ட் என்னும் மகன் பிறந்தான். 1806இல் மனைவி நோயுற்று இறந்தார். தந்தையாரோ கொதிநீராவி தாக்கிக் கண்ணிழந்தார். குடும்பத்தைக் காக்கச் செருப்புத் தைத்தும் கடிகாரம் பழுது பார்த்தும் ஸ்டீவன்சன் பொருளீட்டினார். தாம் பெறாத கல்வியை மகன் பெறவேண்டும் என்பதில் மட்டும் அவர் தளரவில்லை. மகனை நியூகாசில் பள்ளிக்கு அனுப்பினார். மாலையில் அவன் கொண்டுவரும் பாடங்களைத் தாமும் உடனமர்ந்து கற்றார்.

அவர் வாழ்வைத் திருப்பியது பழுதுற்ற ஒரு பொறியேயாகும். கில்லிங்வொர்த் என்னும் இடத்துப் புதிய சுரங்கம் ஒன்றில் நீர் தேங்கி நின்றது. அதை இறைக்க நிறுவிய பொறி பயன்படவில்லை. தேர்ந்த பொறியாளரும் கைவிட்டனர். 1811இல் ஸ்டீவன்சன் அதனை ஏற்று, உறுப்புறுப்பாகப் பிரித்து, வேண்டிய மாற்றங்களைச் செய்து மீண்டும் பூட்டினார். சில நாட்களில் நீர் வற்றியது; தொழிலாளர் சுரங்கத்தின் அடிவரை இறங்கினர். மறு ஆண்டே அச்சுரங்கங்களின் பொறியாளராக அவர் அமர்த்தப்பெற்றார்.

புகைவண்டிப் பொறியை முதன்முதல் ஆக்கியவர் ஸ்டீவன்சன் அல்லர். ரிச்சர்டு திரேவிதிக் என்பவர் 1804ஆம் ஆண்டிலேயே ஒன்றைத் தண்டவாளத்தில் ஓட்டிக் காட்டினார். ஆனால் அதன் சுமையைத் தாங்காது தண்டவாளங்கள் உடைந்தன. பொறியும் பாதையும் ஒன்றற்கொன்று பொருந்த வேண்டும் என்று கண்டு, இரண்டையும் சேர்த்துத் திருத்தியதே ஸ்டீவன்சனின் பெருமை. 1814இல் அவர் செய்த முதற்பொறி முப்பது டன் சுமையை மணிக்கு நான்கு மைல் வேகத்தில் ஏற்றத்தில் இழுத்தது. வேலை முடித்து வெளியேறும் நீராவியை அவர் புகைபோக்கியினுள் செலுத்தினார். அது மேலே பாயும்பொழுது காற்றை உடன் இழுக்கும். அடுப்பில் நெருப்பு ஓங்கும். பொறி விரைந்தோட விரைந்தோட நெருப்பும் ஓங்குமாறு அமைந்த இம்முறையே நீராவிப் பொறியின் உயிர்மூச்சு எனலாம்.

1825ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் ஸ்டாக்டன், டார்லிங்டன் நகரங்களிடையே ‘லோகோமோஷன்’ என்னும் அவர் பொறி மக்களையும் சுமையையும் இழுத்துச் சென்றது. ஆனால் அவ்வாண்டிலேயே அவருக்குப் பெரிய தலைகுனிவும் நேர்ந்தது. லிவர்பூலுக்கும் மாஞ்செஸ்டருக்கும் இடையே பாதையிட இசைவு வேண்டிப் பாராளுமன்றக் குழுவின்முன் அவர் நின்றார். நில அளவையில் பிழைகள் இருந்தன; வழக்கறிஞர்கள் அவரை மடக்கினர்; அவருடைய நாட்டுப்புறப் பேச்சும் நகைப்புக்கு இடமாயிற்று. இசைவு மறுக்கப்பட்டது, அவரும் விலக்கப்பட்டார். எனினும் மறு ஆண்டு இசைவு கிடைத்தபொழுது பணி மீண்டும் அவரிடமே வந்தது. அடி காணாச் சதுப்பு நிலத்தில் சுள்ளிகளையும் புதர்களையும் பரப்பி, அதன்மேல் மிதப்பதுபோல் பாதையை அமைத்தார்.

அப்பாதைக்குரிய பொறியைத் தேர்ந்தெடுக்க 1829 அக்டோபரில் ரெயின்ஹில் என்னுமிடத்தில் போட்டி நடந்தது. கல்வி பெற்ற மகன் ராபர்ட்டும் தந்தையும் சேர்ந்து உருவாக்கிய ‘ராக்கெட்’ வென்று, ஐந்நூறு பவுன் பரிசு பெற்றது. கொதிகலனுக்குள் 25 செப்புக் குழாய்களைப் பொருத்தி அவற்றின் வழியே நெருப்பின் வெப்பத்தைச் செலுத்தியது அதன் சிறப்பு. மறு ஆண்டு பாதை திறக்கப்பட்டது.

1848 ஆகஸ்டு 12ஆம் நாள் ஸ்டீவன்சன் மறைந்தார். ஐந்தாண்டுகளுக்குப் பின் பம்பாயிலிருந்து தானாவுக்கு இந்தியாவின் முதற் பயணிவண்டி ஓடிற்று; அப்பாதையை அமைத்த பெர்க்லி, ராபர்ட் ஸ்டீவன்சனிடம் பயின்றவர். 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் வண்டி ஓடிற்று.

ஓய்வு பெற்ற பொறிகளின் கதையும் அறியத்தக்கது. ‘லோகோமோஷன்’ பாதையை விட்டு நீங்கியபின் ஒரு சுரங்கத்தில் நீர் இறைத்தது. ‘ராக்கெட்’ 1862இல் காட்சிச்சாலை சேர்ந்தது. இந்தியாவில் சித்தரஞ்சன் தொழிற்சாலை 1972 வரை 2,351 நீராவிப் பொறிகளைச் செய்தது. டீசலும் மின்சாரமும் பரவியபின் பெரும்பாலானவை பழைய இரும்பாக உடைக்கப்பட்டன.

தப்பியவை சில. 1855இல் இங்கிலாந்தில் செய்யப்பட்ட ‘ஈ.ஐ.ஆர். 21’ என்னும் பொறி 1909இல் ஓய்வு பெற்று, நூறாண்டுக் காலம் காட்சிப் பொருளாக நின்றது. அதனைச் சென்னைப் பெரம்பூர்த் தொழிற்சாலைக்குக் கொணர்ந்து, உறுப்புக்களைப் பிரித்து, பழுதானவற்றுக்குப் புதியன செய்து பூட்டினர். 2010இல் அது மீண்டும் ஓடியது. நீலகிரி மலைப்பாதை 2005இல் உலக மரபுச் சின்னமாயிற்று. அதற்கென ஒரு புதிய நிலக்கரிப் பொறியையே 2021இல் திருச்சிராப்பள்ளிப் பொன்மலைத் தொழிலாளர் செய்தளித்தனர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் நீராவிப் பொறியிலிருந்து இடைவிட்டு இடைவிட்டு எழும் அந்த ஓசை, வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியே பாய்ந்து அடுப்பின் நெருப்பை வளர்க்கும் ஓசையேயாகும்.