தன் கண்டுபிடிப்பையே தொட முடியாமல் தவித்த மேதை... ஒரு 13 தோட்டா பிஸ்டலின் கதை!

இந்திய ராணுவ அதிகாரிகளின் இடுப்பில் தொங்கும் 9 எம்.எம். பிஸ்டலைக் குடியரசு தின ஒளிபரப்பிலோ, செய்திப் படங்களிலோ நீங்கள் பார்த்திருக்கலாம். மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் தயாரானது அது. ஆனால், அதன் பூர்வீகத்தைத் தேடிப் போனால் கனடா, பெல்ஜியம் என்று சுற்றி, கடைசியில் அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில் உள்ள ஆக்டன் என்ற சின்ன ஊரில் போய் நிற்பீர்கள். அங்கே பிறந்தவர்தான் ஜான் மோசஸ் பிரவுனிங். 128 காப்புரிமைகளுக்குச் சொந்தக்காரர். வேடிக்கை என்னவென்றால், அவர் பேரைச் சுமந்துகொண்டு உலகமெங்கும் சுற்றிய இந்த பிஸ்டலை, முழுமையான வடிவத்தில் அவர் பார்க்கவே இல்லை.

ஏன் பார்க்கவில்லை? அதைச் சொல்லத்தான் இந்தக் கதை.

1855 ஜனவரியில் பிறந்தார் பிரவுனிங். அப்பா ஜோனதன் துப்பாக்கி செய்பவர், ரிப்பேர் பார்ப்பவர். மூன்று மனைவிகள், 22 பிள்ளைகள் கொண்ட பெரிய குடும்பம். பட்டறையில் விழும் கழிவு இரும்புதான் பையனுக்கு விளையாட்டுச் சாமான். பத்து வயதில், உடைந்துபோன பழைய துப்பாக்கிக் குழல் ஒன்றை எடுத்து, ஒரு கட்டையில் கம்பியால் கட்டி, தானே ஒரு துப்பாக்கி செய்துவிட்டாராம். தம்பி மேட் நெருப்பு வைக்க, இவர் குறிபார்க்க, மூன்று காட்டுக்கோழிகள் விழுந்தன. குடும்பத்தில் சொல்லிச் சொல்லி வந்த கதை இது. அப்பா பாராட்டுவார் என்று காத்திருந்தால், அவர் அந்தத் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பதினோரு வயது ஆகப்போகிற பிள்ளைக்கு இதைவிட நல்லதாகச் செய்யத் தெரியாதா என்கிற மாதிரி கேட்டுவிட்டுப் போய்விட்டாராம். பையன் உடனே உட்கார்ந்து அதைப் பிரித்துப் போட்டுவிட்டார்.

அந்தக் காலத்து அப்பாக்கள் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது!

1879-ல் அப்பா இறந்துபோனார். அதே வருடம் மகனுக்குத் திருமணமும் ஆனது, முதல் காப்புரிமையும் கிடைத்தது. ஒரு தோட்டா மட்டும் போட்டுச் சுடும் எளிமையான ரைஃபிள் அது. அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஆக்டனிலேயே பட்டறை போட்டுச் செய்து விற்றார்கள். 1883-ல் பிரபலமான வின்செஸ்டர் கம்பெனியின் பெரிய அதிகாரி ரயிலேறி ஆக்டனுக்கே வந்து, 8,000 டாலர் கொடுத்து அதன் உரிமையை வாங்கிப்போனார். அதன்பிறகு சுமார் இருபது வருடங்கள் பிரவுனிங் செய்யச் செய்ய, வின்செஸ்டர் வாங்கிக்கொண்டே இருந்தது. சிலவற்றைத் தயாரிக்கக்கூட இல்லை. வேறு யார் கைக்கும் போய்விடக் கூடாது என்பதற்காகவே வாங்கி வைத்துக்கொண்டது.

இடையில் 1889-ல் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். துப்பாக்கி சுடும் ஒரு மைதானத்தில் நின்றிருந்த பிரவுனிங்கின் கண், எல்லோரும் பார்க்கும் இலக்கைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் குழல் முனையிலிருந்து வரும் வாயு, எதிரே இருந்த புற்களைச் சாய்த்துவிட்டுப் போவதைப் பார்த்தது. வீணாகப் போகும் அந்தச் சக்தியை வைத்தே அடுத்த தோட்டாவை ஏற்றினால் என்ன? தானாகவே தோட்டா ஏறும் துப்பாக்கிகள் பக்கம் அவர் திரும்பியது அந்தப் புல்லால்தான். வரைபடம் போட்டு வேலை செய்கிற ஆள் இல்லை அவர். மனசுக்குள் பாகங்களை ஓடவிட்டுப் பார்த்து, பிறகு நேராகக் கையால் செய்து பார்ப்பார். சரியாக வரும்வரை சுட்டுக்கொண்டே இருப்பார்.

இந்தச் சுட்டுப்பார்க்கும் பிடிவாதத்துக்குப் பெரிய சோதனை 1911 மார்ச்சில் வந்தது. அமெரிக்க ராணுவம் புது பிஸ்டல் தேடிக்கொண்டிருந்தது. கோல்ட் கம்பெனிக்காக பிரவுனிங் வடிவமைத்த .45 பிஸ்டலும், போட்டிக் கம்பெனியான சாவேஜின் பிஸ்டலும் இறுதிச் சுற்றில் நின்றன. ஒவ்வொன்றிலும் 6,000 தோட்டாக்கள் சுட வேண்டும். நூறு சுட்டால் ஆறவிடுவார்கள், ஆயிரம் சுட்டால் துடைத்து எண்ணெய் போடுவார்கள். சாவேஜ் 37 முறை சிக்கிக்கொண்டது. பிரவுனிங்கினுடையது? ஒருமுறைகூடச் சிக்கவில்லை. அதே மாதம் 29-ம் தேதி அது ராணுவத்தின் அதிகாரபூர்வ பிஸ்டல் ஆனது. எம்1911 என்று ஹாலிவுட் படங்களில் நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

வெற்றிதான். ஆனால், பிரச்னையும் அங்கேதான் ஒளிந்திருந்தது. அந்த பிஸ்டலின் காப்புரிமைகளை பிரவுனிங் கோல்ட் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்.

இதற்குள் வின்செஸ்டருடனான உறவு முறிந்திருந்தது. புது வகை ஷாட்கன் ஒன்றுக்கு மொத்தத் தொகை வேண்டாம், விற்பனையில் பங்கு கொடுங்கள் என்று கேட்டார். மறுத்துவிட்டார்கள். 1902-ல் ரெமிங்டன் கம்பெனியின் தலைவரைப் பார்க்கப் போய்க் காத்திருந்தார். அவர் அன்றைக்கே மாரடைப்பில் இறந்துபோனார்! பிரவுனிங் கப்பலேறி பெல்ஜியம் போனார். லியேஜ் நகரை ஒட்டிய ஹெர்ஸ்டாலில் இருந்த எஃப்.என். தொழிற்சாலை அவரை ஏற்கெனவே அறியும். அவருடைய சின்ன பிஸ்டல்களைத் தயாரித்துக் காசு பார்த்த இடம் அது. ஷாட்கன்னையும் வாங்கிக்கொண்டார்கள். தொழிலாளிகள் அவரைக் குருநாதர் மாதிரி நடத்தினார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் நகர்ந்தால் தப்பாகிவிடும். 1914 ஜூன் 28-ல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் ஃபெர்டினாண்டையும் அவர் மனைவியையும் கொன்று, முதல் உலகப் போருக்குத் திரி கொளுத்திய துப்பாக்கி, எஃப்.என். தயாரித்த 1910 மாடல். பிரவுனிங் வடிவமைத்தது. அந்தப் போரிலேயே அமெரிக்க வீரர்கள் சுமந்ததும் அவருடைய மெஷின்கன்களும் ரைஃபிளும்தான். போர் நேரத்தில் அரசிடமிருந்து தனக்கு வரவேண்டிய பெரும் தொகையில் சிறு பகுதியை மட்டும் வாங்கிக்கொண்டு மீதியை விட்டுக்கொடுத்தார் என்பதும் உண்மை. அவர் செய்த கருவிகள் எத்தனை உயிர்களைக் குடித்தன என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

போர் முடிந்ததும் பிரான்ஸ் ராணுவத்துக்குப் புது பிஸ்டல் தேவைப்பட்டது. நிறைய தோட்டா பிடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. எம்1911-ன் மேகஸினில் ஏழுதான் பிடிக்கும். (மேகஸின் என்றால் நீங்கள் படிக்கிற மேகஸின் இல்லைங்க, பிஸ்டலின் கைப்பிடிக்குள் சொருகும் தோட்டா டப்பா.) எஃப்.என். நிறுவனம் பிரவுனிங்கிடம் கேட்டது. அங்கே வேலை பார்த்த டியூடோனே சேவ் என்ற பெல்ஜியக்காரர் ஒரு யோசனையோடு இருந்தார். தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே வரிசையில் அடுக்காமல், இரண்டு வரிசையாக, ஒன்றுக்கொன்று இடைவெளியில் பொருந்துகிற மாதிரி அடுக்குவது. இதைத்தான் இன்றைக்கு டபுள் ஸ்டேக் என்கிறார்கள்.

கேட்க சுலபமாக இருக்கிறது இல்லையா? ரேஷன் கடையை நினைத்துப் பாருங்கள். இரண்டு வரிசையாக ஆட்கள் நிற்பதில் சிக்கல் இல்லை. கவுன்ட்டர் ஒன்றுதான் என்னும்போது, யார் முதலில் என்று தோள் இடிக்கும் பாருங்கள், அங்கேதான் சண்டை. மேகஸினின் வாயிலும் அதே கதி. இரண்டு வரிசை ஒன்றாகச் சுருங்கும் இடத்தில் தோட்டாக்கள் முட்டிக்கொள்ளாமல், வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என ஒழுங்காக மேலேறி வர வேண்டும். அதோடு டப்பா தடித்துவிட்டால் கைப்பிடியும் தடித்துவிடும், விரல் ட்ரிகருக்கு எட்டாது. சேவ் இரண்டையும் சமாளித்தார்.

மேகஸின் தயார். பிஸ்டல்? இங்கேதான் பிரவுனிங் மாட்டிக்கொண்டார். பிஸ்டலை எப்படிப் பூட்டுவது, எப்படி எளிதாகக் கழற்றுவது என்பதற்கெல்லாம் ஆகச்சிறந்த விடைகளை அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார். ஆனால், அவை கோல்ட் கம்பெனியின் சொத்து! தொடக் கூடாது. தன் வீட்டுக் கதவைத் தானே பூட்டி, சாவியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் வழியாக உள்ளே போக முயன்ற கதைதான். அறுபதைத் தாண்டிய வயதில் அதையும் செய்தார். தன் பழைய வழிகளைச் சுற்றிக்கொண்டு புது வழி கண்டுபிடித்து, 1923 ஜூன் மாதம் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

1926 நவம்பர் 26. லியேஜில், எஃப்.என். தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே அவருக்கு உடம்பு முடியாமல் போனது. மகன் வேலின் அறையில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது. வயது 71. பிஸ்டலின் காப்புரிமை அடுத்த வருடம் பிப்ரவரியில்தான் வந்தது.

1928-ல் கோல்ட் கம்பெனியின் காப்புரிமைகள் காலாவதியாகின. சேவ் உடனே உட்கார்ந்து, குருவின் பழைய பிஸ்டலில் இருந்த நல்ல அம்சங்களைக் குருவின் புதிய பிஸ்டலுக்குள் கொண்டுவந்து சேர்த்தார். இன்னும் இரண்டு வருடம் உயிரோடு இருந்திருந்தால் பிரவுனிங்கே அதைச் செய்திருப்பார். 1935-ல் பிரவுனிங் ஹை-பவர் என்ற பெயரில் அது வந்தது. மேகஸினில் 13 தோட்டாக்கள். கேட்ட பிரான்ஸ் வாங்கவே இல்லை, வேறு ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. பெல்ஜியம் வாங்கியது.

1940-ல் ஜெர்மனி பெல்ஜியத்தைப் பிடித்தபோது, அதே தொழிற்சாலையில் நாஜிப் படைக்காகவும் ஹை-பவர் தயாரானது. இங்கிலாந்துக்குத் தப்பிய சேவ் முதலானோர் உதவியோடு, கனடாவின் டொரான்டோவில் இருந்த இங்லிஸ் கம்பெனி நேச நாடுகளுக்காக அதையே தயாரித்தது. போருக்குப் பிறகு வாஷிங் மெஷினுக்குப் பெயர்போன கம்பெனி! இரண்டு பக்கமும் ஒரே பிஸ்டல். நம் இஷாப்பூர் பிஸ்டல் அந்தக் கனடா வம்சம்.

குறையில்லாத பிஸ்டலா என்றால், இல்லை. மேகஸினைக் கழற்றிவிட்டால் சுடாது என்கிற ஒரு பாதுகாப்பு அமைப்பை பிரான்ஸ் கேட்டது என்பதற்காக உள்ளே வைத்தார்கள். அது மேகஸினின் முகத்தில் உரசிக்கொண்டே இருப்பதால் ட்ரிகர் கரகரவென்று இழுக்கும். சேஃப்டி பித்தான் ரொம்பச் சின்னது. பின்னால் இருக்கும் சுத்தி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சதையைக் கடிக்கும். அதனால் அமெரிக்காவில் ஹை-பவரைத் திருத்துவதே சிலருக்கு முழுநேரத் தொழிலாக இருந்தது. புல்லட் பைக் வாங்கியவர்கள் ஹேண்டில் பாரையும் சீட்டையும் மாற்றுவதைப் போல, சுத்தியை மாற்றுவார்கள், சேஃப்டியைப் பெரிதாக்குவார்கள், குறிபார்க்கும் முள்ளை மாற்றுவார்கள்.

80 வருடத்துக்கு மேல் ஓடிய ஹை-பவரை 2018 வாக்கில் எஃப்.என். நிறுத்தியது. அந்தக் காலியிடத்துக்குத் துருக்கி கம்பெனிகள் விலை குறைந்த நகல்களோடு வந்தன. ஒரு அமெரிக்கக் கம்பெனி 2021-ல் இறக்கிய நகலில், அந்த பிரெஞ்சு அமைப்பே இல்லை. சேஃப்டி பெரிது. மேகஸினில் 15. திருத்தும் கடைக்காரர் செய்கிற வேலையைத் தொழிற்சாலையே செய்து கொடுத்துவிட்டது. இப்படி மலிவாக வரும் பிஸ்டலை அங்கே வாங்குபவர்கள் சில நூறு தோட்டாக்கள் சுட்டுப் பார்த்த பிறகுதான் நம்புவார்கள். சிக்கினால் பெரும்பாலும் முதல் சந்தேகம் மேகஸின் மேல்தான். அதன் வாய் சரியாக வளைந்திருக்கிறதா, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா? சேவ் தலையை உடைத்துக்கொண்ட அதே இடம்.

நம் நாட்டில் 9 எம்.எம். தடை செய்யப்பட்ட ரகம், தனிநபருக்குப் பொதுவாக உரிமம் கிடைக்காது. உரிமம் உள்ளவர்கள் வாங்கும் .32 பிஸ்டலிலும் பிரவுனிங் இருக்கிறார். அந்தத் தோட்டாவை 1899-ல் வடிவமைத்தது அவர்தான்.

பழைய ஹை-பவரின் ஸ்லைடில் தொழிற்சாலைப் பெயர் இருக்கும், பிரவுனிங்கின் காப்புரிமை என்று பொறித்திருக்கும். சேவின் பெயர் இருக்காது. போர் முடிந்து பெல்ஜியம் திரும்பிய அவர் வடிவமைத்த எஃப்.ஏ.எல். என்ற ரைஃபிளைத்தான் இந்திய ராணுவம் எஸ்.எல்.ஆர். என்ற பெயரில் பல பத்தாண்டுகள் சுமந்தது. பிறகு போலீஸ் தோள்களுக்கும் வந்தது. அதுவும் இஷாப்பூரில் தயாரானதுதான்.