தெர்மாகோலில் பலகை செய்தவர்



விஞ்ஞானி என்றாலே எடிசன், நியூட்டன் என்றுதான் நாம் எழுதுவோம். இந்த முறை நான் எழுதப்போவது பாப் சிம்மன்ஸ் பற்றி. நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. ஆனா, கடல் அலையில் பலகை மேல நின்று சறுக்கி விளையாடுகிறவர்களிடம் இவருக்குப் பெரிய பெயர்.

இவர் 1919-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தார். இளம் வயதில் காலில் ஒரு கட்டி வந்தது. கால் பலம் பெற சைக்கிள் ஓட்டினார். அதிலும் விபத்து! ஒரு கை முறிந்து, முழங்கை கடைசிவரை சரியாகவே இல்லை. அவர் மூலையில் உட்காரவில்லை, கடலுக்குப் போனார். கால்டெக் என்ற புகழ்பெற்ற கல்விக்கூடத்தில் படித்தார். விமானத் தொழிற்சாலையில் கணிதப் பணியும் பார்த்தார்.

அந்தக் காலத்துப் பலகைகள் கனமான மரத்தில் செய்தவை. 30, 40 கிலோ எடைகூட இருக்குமாம்! இரண்டு கையும் நல்லா இருக்கிறவங்களே தூக்கத் திணறுவாங்க. எடையைக் குறைக்க என்ன வழி என்று யோசித்தார் சிம்மன்ஸ். உள்ளே தெர்மாகோல் மாதிரியான பாலிஸ்டைரின் நுரை, வெளியே கண்ணாடி இழைத் துணி, அதன் மேல் ரெசின் பூச்சு. ரெசின் என்பது முதலில் கூழ் போல இருந்து பிறகு கல் மாதிரி இறுகும் பசை. நல்ல யோசனைதானே?

அங்கேதான் சிக்கல்! அப்போது கிடைத்த பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரின் என்ற திரவம் கலந்திருக்கும். பாலிஸ்டைரின் நுரையும் அதே ஸ்டைரினில் இருந்து வந்ததுதான். ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் என்று வேதியியலில் படிக்கிறோமே, அதேதான். ரெசின் பட்டதும் நுரை கரைந்து குழியாகிவிடும். தெர்மாகோலில் பெட்ரோல் பட்டால் உருகுவது போல. (யாரும் செய்து பார்க்காதீங்க!)

சிம்மன்ஸ் நுரையையும் விடவில்லை, ரெசினையும் விடவில்லை. 1949 வாக்கில், நுரையின் மேலும் கீழும் மெல்லிய பிளைவுட் ஒட்டினார். ஓரங்களில் பால்சா என்ற இலேசான மரம் வைத்தார். அதற்கு மேல்தான் ரெசின் பூசினார். நுரையும் ரெசினும் ஒன்றையொன்று தொடவே இல்லை! பலகை இலேசாச்சு, வேகமும் கூடியது.

1954 செப்டம்பரில் சான் டியாகோ அருகே அலையில் சறுக்கப் போனவர் கடலிலேயே இறந்துபோனார். வயது 35தான். படிக்கும்போது எனக்கு மனசு கஷ்டமா இருந்தது.

அவர் போன பிறகு, 1958-இல் ஹோபி ஆல்ட்டர், கோர்டன் கிளார்க் இருவரும் பாலியூரித்தேன் நுரையில் பலகை செய்தார்கள். அதைப் பாலியெஸ்டர் ரெசின் கரைக்காது. பாலிஸ்டைரின் நுரைக்கோ இன்று எப்பாக்சி ரெசின் பூசுகிறார்கள். அதில் ஸ்டைரின் இல்லை, அதனால் பிளைவுட் தடுப்பும் தேவையில்லை. இந்த இரண்டு ஜோடியும் இன்றும் நடப்பில் இருக்கு.

நண்பர்களே, எவ்வளவு நல்ல பொருளாக இருந்தாலும் பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பது முக்கியம். சேராத இரண்டையும் நடுவே ஒரு மரத்தகடு வைத்துச் சேர்த்தாரே, அதுதான் எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது. உங்களுக்கு?