கிழக் குதிரையில் கிளம்பிய பயணி

மாணவச் செல்வங்களே! பள்ளியில் சுற்றுலா என்று அறிவித்துவிட்டால் போதும். அன்று இரவு உங்களுக்குத் தூக்கமே வராது, இல்லையா? என்ன சட்டை போடுவது, பேருந்தில் யார் பக்கத்தில் உட்காருவது, அம்மா கட்டிக் கொடுப்பது புளியோதரையா, எலுமிச்சை சாதமா என்று ஒரே யோசனைதான். இரண்டு நாள் பயணத்துக்கே இத்தனை ஏற்பாடு!

பேருந்தும் ரயிலும் இல்லாத காலத்தில், முன்பின் பார்த்திராத ஒரு மாபெரும் நாட்டுக்குத் தன்னந்தனியாகப் போக வேண்டுமானால் எப்படி இருக்கும்? அங்கே பல அரசுகள், பல மொழிகள், பல வழக்கங்கள். வழியிலோ பாலைவனமும் பனிமலையும். அப்படிப் புறப்பட்டவர்தான் சீனத் துறவி யுவான் சுவாங். அவர் பார்க்கத் துடித்த அந்த நாடு, நம் இந்தியா.

சந்தேகம் பிறந்தது

கி.பி. 602-ம் ஆண்டு வாக்கில், சீனாவின் லோயாங் நகருக்கு அருகே ஒரு படித்த குடும்பத்தில் பிறந்தார் யுவான் சுவாங். நான்கு அண்ணன் தம்பிகளில் இவரே கடைக்குட்டி. அண்ணன் ஒருவர் புத்த மடத்தில் துறவியாக இருந்தார். அவரைப் பார்த்துத் தம்பிக்கும் ஆசை வந்தது. 13 வயதிலேயே மடத்தில் சேர்ந்துவிட்டார். கி.பி. 622-ல் முழுத் துறவியானார்.

ஊர் ஊராகச் சென்று நல்லாசிரியர்களைத் தேடிப் படித்தார். படிக்கப் படிக்க அறிவு வளர்ந்தது; கூடவே சந்தேகமும் வளர்ந்தது. ஓர் ஆசிரியர் சொன்ன விளக்கம் இன்னொருவர் சொன்னதோடு பொருந்தவில்லை. இந்திய மொழியிலிருந்து சீனத்துக்கு வந்த நூல்களும் ஒன்றுக்கொன்று மாறுபட்டன. சில நூல்கள் முழுமையாகக் கிடைக்கவே இல்லை.

யாரைக் கேட்டால் விடை கிடைக்கும்? நூல்கள் பிறந்த மண்ணுக்கே போய், மூல நூல்களைப் படித்துவிடுவது என்று முடிவு செய்தார். அவருக்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே பாஹியான் என்ற துறவி இந்தியா சென்று திரும்பியிருந்தார். அவரால் முடிந்தது நம்மாலும் முடியும் என்ற நம்பிக்கை இவருக்குப் பிறந்தது.

பயண ஏற்பாடு

ஆசை மட்டும் போதுமா? யுவான் சுவாங் முறையாகத் தயாரானார். தலைநகர் சாங்கானில் அயல்நாட்டவர் பலர் வாழ்ந்தனர். அவர்களிடம் போய் அவர்களுடைய மொழிகளையும் எழுத்துகளையும் கற்றார். வழியில் என்னென்ன கஷ்டங்கள் வரும் என்று எண்ணிப் பார்த்து, அவற்றைத் தாங்கும் உறுதி தனக்கு இருக்கிறதா என்று தன்னையே சோதித்துக்கொண்டார்.

நாட்டை விட்டு வெளியே போக அரசரின் அனுமதி வேண்டும். சில துறவிகளோடு சேர்ந்து விண்ணப்பம் கொடுத்தார். அனுமதி மறுக்கப்பட்டது. மற்றவர்கள் ஆசையைக் கைவிட்டார்கள். இவர் விடவில்லை. கி.பி. 629-ம் ஆண்டு வாக்கில், தடையை மீறியே மேற்கு நோக்கிக் கிளம்பிவிட்டார்.

எல்லையோர நகரம் ஒன்றில் அதிகாரி இவரைத் திரும்பிப் போகச் சொன்னார். அங்கிருந்த மூத்த துறவி ஒருவர் தம் சீடர்கள் இருவரைத் துணைக்கு அனுப்பினார். பகலில் ஒளிந்தும் இரவில் நடந்தும் குவாசௌ என்ற ஊரை அடைந்தார்.

அங்கே அவர் செய்த முதல் வேலை, வழியைப் பற்றி விசாரித்ததுதான். வடக்கே வேகமாக ஓடும் ஆறு. அதைத் தாண்டினால் ஐந்து காவல் கோபுரங்கள். கோபுரங்களைத் தவிர வேறெங்கும் தண்ணீரோ புல்லோ கிடையாது. அதற்கப்பால் பெரும் பாலைவனம். இதைக் கேட்டு அவர் கவலையில் ஆழ்ந்தார். போதாக்குறைக்கு அவருடைய குதிரையும் இறந்துபோனது. அவரைப் பிடிக்கச் சொல்லி ஆணையும் வந்து சேர்ந்தது. நல்ல வேளையாக, அந்த ஊர் அதிகாரி புத்தரை வணங்குபவர். அவர் ஆணையைக் கிழித்துப் போட்டுவிட்டு, சீக்கிரம் கிளம்புமாறு சொன்னார்.

புதிய குதிரை ஒன்றை வாங்கினார் யுவான் சுவாங். வழிகாட்ட ஒரு இளைஞனும் கிடைத்தான். அவன் ஒரு முதியவரை அழைத்து வந்தான். முதியவரிடம் மெலிந்துபோன சிவப்பு நிறக் கிழக் குதிரை ஒன்று இருந்தது. பாலைவனத்துக்கு அப்பால் இருக்கும் ஊருக்கு அது 15 முறை போய் வந்திருக்கிறதாம். தம் வாட்டசாட்டமான குதிரையைக் கொடுத்துவிட்டு, அந்தக் கிழக் குதிரையை வாங்கிக்கொண்டார் யுவான் சுவாங்!

நீங்களாக இருந்தால் மாற்றியிருப்பீர்களா? கொஞ்சம் யோசியுங்கள்.

பாலைவனத்தில் தனியாக

மரங்களை வெட்டிப் போட்டு இருவரும் ஆற்றைக் கடந்தார்கள். அன்று இரவே வழிகாட்டிக்குப் பயம் வந்துவிட்டது. பிடிபட்டால் தண்டனை கிடைக்குமே! கத்தியோடு எழுந்து இவரை நெருங்கினான். பிறகு மனம் மாறித் திரும்பிப் படுத்தான். யுவான் சுவாங் அவனைக் கோபிக்கவில்லை. ஒரு குதிரையைக் கொடுத்து வழியனுப்பிவிட்டார்.

இனி அவர் தனி ஆள். மணலில் கிடந்த எலும்புகளையும் சாணத்தையும் அடையாளமாக வைத்து நடந்தார். முதல் காவல் கோபுரத்தின் அருகே தண்ணீர் எடுக்கும்போது அம்பு பாய்ந்து வந்தது. மயிரிழையில் தப்பினார். தாம் ஒரு துறவி என்று உரக்கக் கூறினார். அவருடைய உறுதியைக் கண்ட காவல் தலைவர் தண்ணீரும் உணவும் கொடுத்து அனுப்பினார்.

பாலைவனத்தில் வழி தவறியது. அங்கே இருப்பதாகச் சொன்ன ஊற்றைக் காணவில்லை. குடிப்பதற்காகத் தூக்கிய தண்ணீர்ப் பை, கை நழுவி விழுந்தது. அத்தனை நீரையும் மணல் குடித்துவிட்டது! என்ன செய்வது? வந்த வழியே சுமார் 5 கிலோமீட்டர் திரும்பி நடந்தார். அப்போது, இந்தியாவை அடையாமல் கிழக்கே ஓர் அடிகூட வைப்பதில்லை என்று தாம் செய்த சபதம் நினைவுக்கு வந்தது. மறுபடியும் குதிரையை மேற்கே திருப்பினார்.

நான்கு இரவு, ஐந்து பகல் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. குதிரையும் அவரும் மணலில் சாய்ந்தார்கள். ஐந்தாம் நாள் இரவு குளிர்ந்த காற்று வீசியது. குதிரை எழுந்தது. சிறிது தூரம் போனதும் திடீரென்று வேறு பக்கம் திரும்பியது. எவ்வளவு இழுத்தும் கேட்கவில்லை. போய் நின்ற இடத்தில் பச்சைப் புல்லும் தெளிந்த குளமும் இருந்தன! இப்போது புரிகிறதா, கிழக் குதிரையை அவர் ஏன் வாங்கினார் என்று? அதன் கால்களில் இருந்தது அனுபவம்.

அன்புச் சிறை

அடுத்து டர்பன் பகுதியில் கவோசாங் என்ற அரசு. அந்த நாட்டு மன்னருக்கு இவரை மிகவும் பிடித்துவிட்டது. தம் நாட்டிலேயே தங்கிவிடும்படி வற்புறுத்தினார். போக விடமாட்டேன் என்றும் சொன்னார். யுவான் சுவாங் உண்ணாவிரதம் இருந்தார். மூன்று நாள்கள் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. மன்னர் மனம் கலங்கி விடை கொடுத்தார். திரும்பி வரும்போது மூன்று ஆண்டுகள் அங்கே தங்குவதாக யுவான் சுவாங் வாக்களித்தார்.

மன்னர் செய்த ஏற்பாட்டைக் கேளுங்கள். வழியில் உள்ள 24 அரசுகளுக்கு 24 கடிதங்கள், 30,000 வெள்ளிக் காசுகள், 30 குதிரைகள், பணியாளர்கள். பனிக்கு முகமூடி, கையுறை, காலுறைகூட மறக்கவில்லை. அப்படியிருந்தும் பனிமலையைக் கடக்கும்போது, உடன் வந்தவர்களில் பத்துக்கு மூன்று நான்கு பேர் குளிரிலும் பசியிலும் இறந்துபோனார்கள். எவ்வளவு பெரிய துயரம்!

இந்தியாவில்

சமர்கண்ட், பாமியான் வழியாக இந்தியா வந்தார். காஷ்மீரில் சுமார் இரண்டு ஆண்டுகள் தங்கிப் படித்தார். நாளந்தாவில் முதிய ஆசிரியர் சீலபத்திரரிடம், தாம் தேடி வந்த யோக நூலை வரி வரியாகக் கற்றார். அந்தச் சீலபத்திரரின் குரு தருமபாலர் யார் தெரியுமா? நம் காஞ்சிபுரத்தில் பிறந்தவர்!

கி.பி. 640 வாக்கில் யுவான் சுவாங் காஞ்சிக்கே வந்தார். அது பல்லவ மன்னர் நரசிம்மவர்மரின் காலம். இங்குள்ள மக்கள் நேர்மையும் கல்வியும் போற்றுபவர்கள் என்று எழுதி வைத்தார். இங்கிருந்து இலங்கைக்குக் கப்பலேறுவது அவர் திட்டம். ஆனால் அங்கே குழப்பமும் பஞ்சமும் நிலவுவதாக, அங்கிருந்து வந்த துறவிகள் தெரிவித்தார்கள். திட்டத்தை மாற்றிக்கொண்டார். எதை விடக்கூடாது, எதை விட்டுவிடலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

திரும்பும் வழியில் சிந்து நதியில் படகு ஆடியதால் சுமார் 50 சுவடிகள் நீரில் போயின. அவர் சோர்ந்துவிடவில்லை. ஆள் அனுப்பி, இழந்த நூல்களுக்குப் படி எடுத்துவரச் செய்தார். கவோசாங் மன்னருக்குத் தந்த வாக்கைத்தான் காப்பாற்ற முடியவில்லை. கி.பி. 640-ல் அந்த மன்னர் இறந்து, நாடும் சீனர் வசமாகிவிட்டது.

கி.பி. 645-ல் 657 நூல்களோடு சாங்கான் திரும்பினார். அனுமதியின்றிப் போனவரைப் பேரரசர் மன்னித்து வரவேற்றார். அவர் கேட்டுக்கொண்டபடி, மறு ஆண்டே தம் பயணக் குறிப்புகளை நூலாக்கினார் யுவான் சுவாங். கி.பி. 664-ல் இறக்கும்வரை மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தார். மொத்தம் 75 நூல்கள்!

பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு நாளந்தா மண்மூடி, மக்கள் அதை மறந்துபோனார்கள். 19-ம் நூற்றாண்டில் கன்னிங்காம் என்ற ஆய்வாளர், யுவான் சுவாங்கின் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்த இடத்தை அடையாளம் கண்டார். வழி கேட்டு நம் நாட்டுக்கு வந்தவரே, பிற்காலத்தில் நமக்கு வழி காட்டினார்!

மாணவச் செல்வங்களே! அடுத்த சுற்றுலாவுக்குப் பை அடுக்கும்போது, ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்து வையுங்கள். போகும் ஊரைப் பற்றித் தெரிந்தவர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள். பார்த்ததை அன்றன்றே எழுதுங்கள். யார் கண்டது? உங்கள் குறிப்பும் ஒருநாள் யாருக்காவது வழி காட்டலாம்!