பன்மொழி கற்ற வணிகர்

வேற்றுமொழி கற்பவர்க்குப் பெருந்தடையாய் நிற்பவை வினைச்சொற்களே. ஸ்பானிய மொழியை எடுத்துக்கொள்வோம். நான் பேசுகிறேன் என்பதற்கு ஆப்லோ, நீ பேசுகிறாய் என்பதற்கு ஆப்லாஸ், அவள் பேசுகிறாள் என்பதற்கு ஆப்லா. நம் தமிழைப் போலவே சொல்லின் ஈறு மாறிக்கொண்டே போகும். விதிக்கு அடங்காத வினைகளும் பல உள. இம்மொழியை ஆறே வாரங்களில் பேசவும் எழுதவும் கற்றதாகத் தம் வரலாற்றில் கூறியவர் ஹைன்ரிக் ஷ்லீமன்.

இவர் 1822ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் ஜெர்மனியின் மெக்லன்பர்க் பகுதியில் பிறந்தார். ஒன்பது வயதில் தாயை இழந்தார். வறுமையால் படிப்பு நின்றது. பதினான்கு வயதில் மளிகைக் கடையில் வேலைக்கு அமர்ந்தார். அங்கே கனமான பீப்பாய் ஒன்றைத் தூக்கியதால் மார்பு நொந்து இரத்தம் கக்கினார். வேலையும் போயிற்று. 1841இல், ஸ்பானிய மொழி வழங்கும் வெனிசுவேலா நாட்டிற்குக் கப்பல் ஏறினார். புயலில் கப்பல் உடைந்தது. உயிர் பிழைத்து ஹாலந்துக் கரையில் ஒதுங்கினார்.

ஆம்ஸ்டர்டாம் நகரில் ஓர் அலுவலகத்தில் ஏவலாளாகச் சேர்ந்தார். தம் சிறு ஊதியத்தில் பாதியைக் கல்விக்கே செலவிட்டார். குளிர்காலத்தில் கணப்பு இல்லாத அறை. காலையில் வெறும் கஞ்சி. மொழியறிவு ஒன்றே தம்மை உயர்த்தும் என்று உறுதியாக நம்பினார்.

அவர் கண்ட வழி எளியது. நாள்தோறும் ஒரு மணி நேரம் பாடம். நிறைய வாய்விட்டுப் படித்தல். மொழிபெயர்க்காதிருத்தல். தமக்கு விருப்பமான பொருள் பற்றித் தாமே கட்டுரை எழுதி, ஆசிரியரிடம் திருத்தம் பெற்று, மனப்பாடம் செய்து, மறுநாள் ஒப்பித்தல். ஞாயிறுதோறும் ஆங்கில ஆலயத்திற்கு இருமுறை சென்று, பிரசங்கத்தின் ஒவ்வொரு சொல்லையும் மெல்ல முணுமுணுப்பார். அஞ்சல் நிலையத்தில் காத்து நிற்கும்போதும் கையில் புத்தகம் இருக்கும். இவ்வாறு ஆங்கிலமும் பிரெஞ்சும் கற்றபின், டச்சு, ஸ்பானியம், இத்தாலியம், போர்த்துக்கீசியம் ஆகியவை எளிதாயின.

1844இல் ரஷ்ய மொழி கற்க ஆசிரியர் எவரும் கிடைக்கவில்லை. ஆகவே ரஷ்ய மொழி அறியாத ஒரு முதியவரை வாரத்திற்கு நான்கு பிராங்க் கூலிக்கு அமர்த்தி, தினமும் மாலையில் இரண்டு மணி நேரம் அவர்முன் உரக்க ஒப்பித்தார்! அண்டை அறையினர் இரைச்சல் தாங்காமல் முறையிட்டதால் இருமுறை வீடு மாற நேர்ந்தது. ஆயினும் அம்முயற்சி வீண்போகவில்லை. 1846இல் அவருடைய நிறுவனம் அவரைத் தன் பிரதிநிதியாக ரஷ்யாவிற்கு அனுப்பியது. அங்கே பெருஞ்செல்வம் ஈட்டினார்.

பின்னர் கிரேக்கம் கற்றார். அப்போது இலக்கண விதிகளில் பொழுதைக் கழிக்காமல், வேற்றுமை உருபுகளையும் வினைச்சொற்களையும் மட்டும் மனத்தில் பதித்து, மற்றவற்றை நூல்களைப் படித்தே அறிந்தார். 1870 முதல் துருக்கியில் ஹிசார்லிக் மேட்டைத் தோண்டி, பழைய டிராய் நகரை உலகறியச் செய்தார். அவசரமாகத் தோண்டியதால் சில பண்டைய அடுக்குகள் அழிந்தன என்பதும், தம்மைப் பற்றி அவர் எழுதியவற்றுள் சில மிகையானவை என்பதும் அறிஞர் கருத்து. எனினும் அவர் பல மொழிகளில் எழுதிய நாட்குறிப்புகளும் கடிதங்களும் அவருடைய உழைப்புக்குச் சான்றாக உள்ளன. 1890 டிசம்பர் 26ஆம் நாள் நேப்பிள்ஸ் நகரில் காலமானார்.

தோழியரே! வினைச்சொல் அட்டவணையைத் தேர்வுக்கு முதல்நாள் இரவு கண்ணால் மட்டும் பார்த்தால் காலையில் மறந்துபோகும். ஒவ்வொரு வினையையும் நம் சொந்த வாக்கியத்தில் அமைத்து, வாய்விட்டுச் சொல்லிப் பழகுவோம். கேட்பதற்கு ஆள் இல்லையெனில் வீட்டிலுள்ள பாட்டியை அமர்த்திக்கொள்வோம். அவர் கூலியும் கேட்கமாட்டார் அன்றோ!